ஏரியின் ஆழம் பிரித்துவைத்த மீன்கள்

ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா மூன்றும் பகிர்ந்துகொள்ளும் கான்ஸ்டன்ஸ் ஏரியின் அடியாழத்தில் வாழ்ந்த கில்ஷ் என்னும் மீனை உயிரோடு கையில் எடுத்துப் பார்த்தவர்கள் இன்று வெகு சிலரே இருப்பார்கள். 1970-களுக்குப் பிறகு அது யார் வலையிலும் விழவில்லை. அற்றுப்போன இனங்களின் பட்டியலில் அதன் பெயர் ஏறி நாளாகிவிட்டது. ஆனால், அதே ஏரியில் எஞ்சியிருக்கும் மூன்று உறவினங்களின் மரபணுத்தொகுதியை பெர்ன் பல்கலைக்கழகத்தையும் ஏவாக் நீராய்வு நிறுவனத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் முழுமையாகப் படித்து 2022-இல் வெளியிட்டபோது, கில்ஷிடம் இருந்த மரபணு வேறுபாடுகளில் ஒரு பகுதி அந்த மூன்றிலுமே கலந்து கிடப்பது தெரியவந்தது. இனம் போய்விட்டது, அதன் மரபணுக்களில் கொஞ்சம் இன்னும் நீந்திக்கொண்டிருக்கிறது. உறவினங்களுக்கிடையே நிகழும் கலப்பு புதிய இனங்களை ஆக்குகிறதா, இருக்கும் இனங்களை அழிக்கிறதா என்று கேட்கும்போதெல்லாம் நாம் மீனின் உடலுக்குள்ளேயே விடையைத் தேடுகிறோம். இந்த மீன்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, விடையில் பெரும்பகுதி மீனைச் சூழ்ந்திருக்கும் நீரில்தான் இருக்கிறது என்ற எண்ணமே எனக்கு வலுப்பட்டது.

கில்ஷ் சேர்ந்த பேரினம் கொரகோனஸ். சால்மன் குடும்பத்தைச் சேர்ந்தது. வெள்ளி நிறம், சிறிய வாய், முதுகின் பின்பகுதியில் சால்மனுக்கு இருப்பது போன்றே ஒரு சிறு கொழுப்புத் துடுப்பு. அலாஸ்காவிலிருந்து கனடா, ஸ்காண்டிநேவியா, சைபீரியா வரை குளிர்ந்த ஏரிகளிலும் ஆறுகளிலும் பரவியிருக்கும் இந்தப் பேரினம் வகைப்பாட்டாளர்களை இருநூறு ஆண்டுகளாகப் படுத்தாத பாடு படுத்தியிருக்கிறது. ஒரே ஏரியில் உருவத்தாலும் உணவாலும் முட்டையிடும் பருவத்தாலும் வேறுபட்ட இரண்டு, மூன்று, சில இடங்களில் ஐந்தாறு வடிவங்கள் இருக்கும்; பக்கத்து ஏரிக்குப் போனால் ஏறத்தாழ அதே வடிவங்கள் மறுபடியும் இருக்கும். பக்கத்து ஏரியின் குட்டை வடிவம் இந்த ஏரியின் குட்டை வடிவத்துக்கு உறவா, அல்லது இந்த ஏரியின் நெட்டை வடிவமே அதற்கு நெருங்கிய உறவா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. மரபணு ஆய்வு வந்த பிறகுதான் இந்தச் சிக்கல் அவிழத் தொடங்கியது. அவிழ்ந்த விதம் இரண்டு கண்டங்களில் இரண்டு விதமாக இருந்ததுதான் இதில் என்னைக் கவர்ந்த செய்தி.

கடைசிப் பனியூழியின் உச்சத்தில், சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், இன்றைய கனடாவின் பெரும்பகுதியும் ஆல்ப்ஸ் மலைத்தொடரும் பனிக்கட்டிக்குள் மூடிக்கிடந்தன. மீன்கள் பனி எட்டாத சில புகலிடங்களில் ஒதுங்கிப் பிழைத்தன. ஒரு புகலிடத்து மீன் இன்னொரு புகலிடத்து மீனைச் சந்திக்க வழியில்லாத அந்த நெடுங்காலத்தில் ஒவ்வொரு கூட்டமும் தனக்கென மரபணு மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டது. பனியாறுகள் உருகிப் பின்வாங்கியபோது அவை விட்டுச்சென்ற பள்ளங்கள் ஏரிகளாயின; வெவ்வேறு புகலிடங்களிலிருந்து வெளிவந்த கால்வழிகள் அங்கே நேருக்கு நேர் சந்தித்தன. இந்தக் கால்வழிகளைத் தடம்பிடிக்க முதலில் உதவியது மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள டி.என்.ஏ. அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்குப் போவதால், கலப்பில் சிதையாமல் தாய்வழியை அப்படியே காட்டிக்கொடுக்கும். அதே காரணத்தால் அது பாதிக் கதையை மட்டுமே சொல்லும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டிய அலகாஷ் ஆற்றுப் படுகையில் உள்ள ஏரிகளில் கொரகோனஸ் குலூபியஃபார்மிஸ் என்ற மீன் இரண்டு வடிவங்களில் வாழ்கிறது. இயல்பான வடிவம் அடித்தளத்தில் மேய்ந்து நாற்பது சென்டிமீட்டர் வரையும் அதற்கு மேலும் வளர்வது. சிறுவடிவம் திறந்த நீரில் மிதவை உயிரிகளைத் தின்று, ஒன்றிரண்டு ஆண்டுகளிலேயே பருவமெய்தி, இருபது சென்டிமீட்டரை ஒட்டி நின்றுவிடுவது. ஒரே இனம் ஏரிக்குள்ளேயே இரண்டாகப் பிளந்திருக்க வேண்டும் என்று எவரும் ஊகித்திருப்பார்கள். 1990-இல் லூயி பெர்னாட்ஷேயும் ஜூலியன் டாட்சனும் வெளியிட்ட மைட்டோகாண்ட்ரியா ஆய்வு வேறொன்றைக் காட்டியது. கிளிஃப் ஏரியில் சிறுவடிவ மீன்கள் ஏறத்தாழ எல்லாமே அகேடியா எனப்படும் கிழக்குப் புகலிடத்துக் கால்வழியைச் சேர்ந்தவை. இயல்பான வடிவமோ மேற்கிலிருந்து வந்த கால்வழியைச் சேர்ந்தது. பனிக்காலத்தில் பிரிந்தவர்கள் ஏரியில் சந்தித்து, ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்துக்கொண்டார்கள்.

அவர்கள் கலக்கவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆய்வகத்தில் இரண்டையும் இணைத்துப் பார்த்தால் முட்டைகள் கருவுறுகின்றன. ஆனால் கலப்புக் கருக்களில் சாவு விகிதம் தூய கருக்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று குவோச்சிங் லூவும் பெர்னாட்ஷேயும் 1998-இல் கண்டனர். பிழைக்கும் கலப்பு மீன்களை மறுபடியும் பெற்றோர் இனத்தோடு இணைக்கும்போது சிக்கல் கூடுகிறது: முட்டை பொரியும் காலம் தாறுமாறாகிறது. பொரியும் நாள் தவறுவது சிறிய விஷயமாகத் தோன்றலாம். குளிர்நாட்டு ஏரியில் மிதவை உயிரிகள் பெருகும் வசந்தகாலச் சில வாரங்களைத் தவறவிட்ட குஞ்சுக்கு அது உயிர்ப் பிரச்சினை. 2014-இல் ஆன்-மரி டியோன்-கோட்டேயும் சக ஆய்வாளர்களும் இன்னும் உள்ளே போய்ப் பார்த்தார்கள். மரபணுத்தொகுதிக்குள் இடம்விட்டு இடம் தாவக்கூடிய டி.என்.ஏ. துண்டுகள் உண்டு, ஒவ்வொரு கால்வழியும் தன்னிடமுள்ள துண்டுகளை அடக்கிவைக்கக் கற்றிருக்கும். ஊனமுற்ற கலப்புக் கருக்களில் அந்த அடக்குமுறை தளர்ந்து, உறங்கிக்கிடந்த துண்டுகள் பெருமளவில் விழித்திருந்தன. பனியூழிப் பிரிவு விட்டுச்சென்ற தடம் இது.

இதோடு நிறுத்தினால் எல்லாம் மரபணு செய்த வேலை என்று தோன்றிவிடும். ஆனால் கியூபெக் எல்லையோரத்து ஈஸ்ட் ஏரிக்குப் போனால், அதே இரண்டு வடிவங்கள் இருந்தும் இரண்டிலும் தாய்வழி அகேடியாதான். வடிவ வேறுபாடும் குறைவு, இடையே மரபணுப் போக்குவரத்தும் அதிகம். கிளிஃப் ஏரி ஒரு முனை, ஈஸ்ட் ஏரி மறுமுனை. இடைப்பட்ட ஏரிகள் இடைப்பட்ட நிலையில் இருக்கின்றன. எந்த ஏரியில் பிரிவு எவ்வளவு ஆழமாகிறது என்பது ஆழ்நீரில் ஆக்சிஜன் எவ்வளவு எஞ்சுகிறது, மிதவை உயிரிகள் எந்த அளவில், எவ்வளவு கிடைக்கின்றன என்பதோடு தொடர்புடையதாக இருக்கிறது. சிஸ்கோ என்னும் இன்னொரு கொரகோனஸ் இனம் திறந்த நீரை ஏற்கெனவே பிடித்துவைத்திருக்கும் ஏரிகளிலோ சிறுவடிவம் பொதுவாகத் தோன்றுவதே இல்லை. காலியாக இருக்கும் இடம்தான் ஒரு வடிவத்தை வரவழைக்கிறது என்பது இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முடிவு.

ஆல்ப்ஸின் வடபுறத்து ஏரிகளுக்கு வந்தால் கதை திரும்புகிறது. இங்கும் பனிக்காலத்தில் பிரிந்த இரண்டு தாய்வழிகள் உண்டு. ஆனால் ஒரு தாய்வழி ஓர் இனத்துக்கு, மற்றது இன்னொன்றுக்கு என்ற ஒழுங்கு இங்கே கிடையாது; ஒரே ஏரியின் வெவ்வேறு இனங்களில் இரண்டும் கலந்து காணப்படுகின்றன. 2011-இல் ஆலன் ஹட்சன், பாஸ்கல் ஃபொன்லான்டன், ஓலே சேஹவுசன் மூவரும் முன்வைத்த விளக்கம் இது: இரண்டு கால்வழிகளும் முதலில் முழுமையாகக் கலந்து ஒரே கலப்புக் கூட்டமாயின, அந்தக் கூட்டம் ஏரிகளுக்குள் பரவிய பின், ஒவ்வோர் ஏரியிலும் தனித்தனியே புதிதாக இனங்கள் பிரிந்தன. அதாவது கலப்பு முதலில், இனங்கள் பிறகு. கலப்பால் கூடிய மரபணு வேறுபாடுகளே பிறகு வந்த பிரிவினைக்குக் கச்சாப்பொருளாயின. பதினைந்தாயிரம் ஆண்டுகளுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள். முதுகெலும்பிகளின் கணக்கில் இது கண்மூடித் திறக்கும் நேரம்.

இந்த இனங்களைப் பிரித்தறியப் பழைய வகைப்பாட்டாளர்கள் பெரிதும் நம்பிய உறுப்பு செவுளுக்குள் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் வாழும் தமிழர் வீடுகளில் பெரும்பாலும் உறைந்த கடல்மீனே குழம்புக்கு வரும். ஏரிமீன் மண்வாடை அடிக்கும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்த அந்தத் தயக்கத்தைத் தாண்டி, துன் ஏரிக்கரையில் மீனவர் ஒருவரிடம் குடல் எடுக்காத ஒரு கொரகோனஸ் மீனை வாங்கிவந்து, சமைக்கும் முன் செவுள்மூடியைத் தூக்கிப் பார்த்தேன். ரத்தச்சிவப்பான செவுள் இழைகள் வளைவின் வெளிப்புறம் தொங்குகின்றன. அதே வளைவின் உட்புறத்தில், வாயை நோக்கி, சீப்புப் பற்களைப் போல வெளிறிய மெல்லிய முட்கள் வரிசைகட்டி நிற்கின்றன. கத்தி நுனியால் ஒவ்வொன்றாக விலக்கி எண்ணினால், முதல் வளைவில் முப்பதுக்கு மேல் வந்தது. நீரோடு உள்ளே வரும் மிதவை உயிரிகளைத் தப்பவிடாமல் தடுத்து நிறுத்துவது இந்த நெருக்கமான வரிசைதான். அடித்தளச் சேற்றில் புழுக்களையும் பூச்சிக் குடம்பிகளையும் கிளறித் தின்னும் இனங்களுக்கு முட்கள் குறைவு, கட்டை, இடைவெளி அதிகம். கில்ஷுக்கு இருபதை ஒட்டியே இருந்தன. (அந்த மீன் குழம்பில் கரைந்துபோகாமல் நின்றது, மண்வாடை எதுவும் இல்லை.)

ரிஷி டி-கெய்னும் குழுவினரும் ஆல்ப்ஸ் கொரகோனஸ்களின் முழு மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டு 2022-இல் வெளியிட்ட ஆய்வில், முட்களின் எண்ணிக்கையோடு தொடர்புடைய ஓரிடம் ஈடார் என்னும் மரபணுவில் அகப்பட்டது. மனிதரில் தலைமயிரின் தடிமனோடும் பல்லின் வடிவத்தோடும் தொடர்புடைய அதே மரபணுதான் இது. தோலிலிருந்து கிளைக்கும் உறுப்புகள் எங்கெங்கே முளைக்க வேண்டும் என்று வளர்கருவில் வரையறுக்கும் பழைய கருவியை மீன்கள் தம் தேவைக்குப் பயன்படுத்திக்கொண்டிருக்கின்றன. வெவ்வேறு ஏரிகளில் தனித்தனியே தோன்றிய இனங்களில் ஒரே மாற்றம் மீண்டும் மீண்டும் பயன்படுவது, பொதுவான கலப்பு மூதாதையிடமிருந்து எல்லோரும் ஒரே கச்சாப்பொருளைப் பெற்றார்கள் என்ற விளக்கத்தோடு பொருந்திப்போகிறது.

ஆனால் ஆல்ப்ஸ் இனங்களுக்கிடையே அலகாஷ் மீன்களிடம் கண்டது போன்ற உள்ளார்ந்த தடை எதுவும் வலுவாக உருவாகவில்லை. இனத்துக்கு இனம் இணைந்தால் குஞ்சு பிழைக்கும், வளரும், இனப்பெருக்கமும் செய்யும். அவற்றைப் பிரித்துவைத்தது முட்டையிடும் இடமும் காலமும். கான்ஸ்டன்ஸ் ஏரியின் நான்கு இனங்களில் ப்ளாவ்ஃபெல்ஷன் குளிர்காலத் தொடக்கத்தில் கரையிலிருந்து தள்ளித் திறந்த நீரில் முட்டையிடும்; முட்டைகள் மெல்ல மூழ்கி ஆழத்து அடித்தளத்தில் போய்த் தங்கும். சாண்ட்ஃபெல்ஷன் கரையோர ஆழமில்லாத நீரை நாடும். காங்ஃபிஷும் கரைச்சரிவுகளிலேயே முட்டையிடும். கில்ஷ் ஆழத்திலேயே வாழ்ந்து ஆழத்திலேயே முட்டையிட்டது. வலையோடு மேலே இழுத்தால் காற்றுப்பை விரிந்து தொண்டையும் வயிறும் புடைத்துவிடும் அளவுக்கு ஆழத்து மீன். இருநூற்றைம்பது மீட்டர் ஆழமுள்ள ஏரி இத்தனை அறைகளைத் தர முடிந்ததால் நான்கு இனங்கள் நான்காகவே இருந்தன. அறைகள் இருக்கும்வரை தடை இருக்கும். அறை இடிந்தால் தடையும் போகும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இடிந்தது. நகரங்களின் கழிவுநீர், வயல்களின் உரம், சலவைத்தூளில் இருந்த பாஸ்பேட் எல்லாம் ஏரிகளில் வந்து சேர்ந்தன. 1950-க்கு முன் கான்ஸ்டன்ஸ் ஏரியின் ஒரு லிட்டர் நீரில் பாஸ்பரஸ் 10 மைக்ரோகிராமுக்கும் கீழே இருந்தது. 1970-களின் இறுதியில் 80-ஐத் தாண்டியது. பாஸ்பரஸ் கூடினால் பாசி பெருகும். பாசி செத்து அடியில் படிந்து அழுகும்போது அங்குள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். குளிர்காலம் முழுவதும் ஏரியின் தரையில் கிடந்தே வளர வேண்டிய முட்டைகள் முதலில் மூச்சுமுட்டிச் செத்தன. ஆழத்து முட்டையிடும் தளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பயனற்றுப்போக, மீன்கள் எஞ்சிய ஆழமில்லாத தளங்களில், நெருங்கிய காலங்களில், ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. உணவும் மாறியது: மிதவை உயிரிகள் எங்கும் ஏராளமாகக் கிடைத்தபோது, ஆழத்துச் சேற்றில் மேய்வதற்கென்று அமைந்த உடலுக்கு இருந்த தனிப்பயன் குறைந்துபோனது. கலப்புக் குஞ்சுகளைக் கழித்துக்கட்டிய தேர்வு தளர்ந்தது. மீன்வளர்ப்பு நிலையங்களில் பல இன மீன்களின் முட்டையையும் விந்தையும் பிழிந்து ஒன்றாகக் கருவுறச் செய்து ஏரியில் விட்ட பழக்கமும் தன் பங்குக்குச் சேர்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஃபொன்லான்டனும் சக ஆய்வாளர்களும் 17 ஏரிகளை ஒப்பிட்டு 2012-இல் வெளியிட்ட கணக்கு கடுமையானது. இனங்களின் எண்ணிக்கை மொத்தத்தில் 38 சதவீதம் சரிந்திருந்தது. ஏரி எவ்வளவு மாசுபட்டதோ இழப்பும் அவ்வளவு பெரிது. எஞ்சிய இனங்களுக்கிடையிலும் மரபணு இடைவெளி சுருங்கியிருந்தது. ஒரு மீன்கூட நஞ்சால் சாகாமல், யாரும் மிகையாகப் பிடிக்காமல், இனங்கள் தமக்குள் கரைந்தே மறையலாம் என்பதுதான் அந்த ஆய்வு சொன்ன கலங்கவைக்கும் செய்தி. நடு சுவிட்சர்லாந்தின் செம்பாஹ், பால்டெக், ஹால்வில் ஏரிகளில் நிலைமை இன்னும் மோசம். 1980-களிலிருந்து அவற்றின் அடியாழத்துக்குக் குழாய் வழியே காற்றும் ஆக்சிஜனும் செலுத்தப்பட்டன. சுவிட்சர்லாந்து 1986-இல் சலவைத்தூளில் பாஸ்பேட்டைத் தடைசெய்தது. இவ்வளவு எளிய ஒரு சட்டத்துக்கு இவ்வளவு காலம் ஆனதே என்ற ஆற்றாமை எனக்கு உண்டு. கில்ஷ் அதற்கு முன்பே போய்விட்டது.

இனி செதில்களுக்கு வருகிறேன். மீனின் செதிலில் மரத்தண்டில் இருப்பது போன்றே வளர்ச்சி வளையங்கள் உண்டு. வயதைக் கணிப்பதற்காக மீன்வளத்துறையினர் நெடுங்காலமாகச் செதில்களைச் சுரண்டி எடுத்து, காயவைத்து, சேமித்துவந்தார்கள். டி.என்.ஏ. என்ற சிந்தனையே அவர்களுக்கு இருந்திருக்க முடியாது. ஆனால் உலர்ந்த செதிலோடு ஒட்டியிருந்த தோல் துணுக்குகளில் டி.என்.ஏ. தங்கிவிட்டது. டேவிட் ஃப்ரையும் குழுவினரும் மாசுபாட்டுக்கு முந்தைய காலத்துச் செதில்களிலிருந்து நான்கு இனங்களின் மரபணுத்தொகுதிகளையும் படித்து, இன்றைய மூன்று இனங்களோடு ஒப்பிட்டுத்தான் நான் முதலில் சொன்ன முடிவை அடைந்தார்கள். சாதாரண அலுவலகப் பழக்கம் ஒன்று, அதைத் தொடங்கியவர்கள் நினைத்தே பாராத கேள்விக்குச் சான்றாக நின்றது. இவை காலாவதியான கோப்புகள் என்று யாராவது ஒரு முறை அறையைக் காலிசெய்திருந்தால் கில்ஷைப் பற்றி இன்று எதுவும் தெரிந்திருக்காது.

கில்ஷின் மரபணுக்கள் மிஞ்சியிருப்பதால் இழப்பு பெரிதில்லை என்று இதைப் படித்துவிடக் கூடாது. ஓர் இனம் என்பது மரபணு மாற்றங்களின் வெறும் பட்டியல் அன்று. அவை ஒரே உடலில் ஒன்றுகூடி, ஆழத்தில் வாழ்வதற்குரிய கண்ணையும் வாயையும் செவுள்முள்ளையும் முட்டையிடும் பருவத்தையும் சேர்த்துத் தரும் அமைப்பு. அந்தச் சேர்க்கை உடைந்து துண்டுகள் மூன்று இனங்களில் சிதறிய பிறகு, பல்லாயிரம் ஆண்டுத் தேர்வு இல்லாமல் அவை திரும்பக் கூடா. கான்ஸ்டன்ஸ் ஏரியிலேயே இதற்கு ஒப்புநோக்க ஒரு மீன் உண்டு. அதே ஆழத்தில் வாழ்ந்த சால்வெலினஸ் ப்ரொஃபண்டஸ் என்னும் ஆழத்துச் ‘சார்’ (char) மீனும் அற்றுப்போனதாகவே கருதப்பட்டது. 2010-களில் ஆல்ப்ஸ் ஏரிகளை ஆய்ந்த சேஹவுசன் குழுவினரின் வலையில் அது மறுபடியும் சிக்கியது. பாஸ்பரஸ் 10 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கி ஆழம் தெளிந்தபோது, தன் உருவம் கெடாமல் பிழைத்திருந்த சார் கண்ணில் பட்டது. கலப்பில் கரைந்த கில்ஷ் திரும்பவில்லை.

மீன்களை ஏரிவிட்டு ஏரி கொண்டுபோய் விட்ட பழக்கம் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. துன் ஏரியில் ஆல்போக் என்று மீனவர்கள் அழைக்கும் வடிவத்துக்கு 2020-இல் கொரகோனஸ் ஏக்ரினேசஸ் என்று இனப்பெயர் சூட்டப்பட்டது. அதன் மரபணுத்தொகுதியில் ஒரு பகுதி கான்ஸ்டன்ஸ் ஏரியிலிருந்து வந்தது. மனிதர் கொண்டுவந்து விட்ட மீன்கள் உள்ளூர் மீன்களோடு கலந்ததன் விளைவு. துன் ஏரி பெரிதாக மாசுபடாததால் அங்கே அறைகள் இடியவில்லை. வெளியாள் வந்து கலந்தும் பழைய இனங்கள் கரைந்துபோகாமல், கூடுதலாக ஒன்று நிற்கிறது. கான்ஸ்டன்ஸில் கலப்பு கழித்தது. துன் ஏரியில் கூட்டியது. இதைப் பார்த்து மீன்களை மாற்றிவிடலாம் என்று துணிவது அசட்டுத்தனம். தற்செயலாக நன்றாக முடிந்த ஒரு செயலை வழிமுறையாக்கிக்கொள்ள முடியாது.

கான்ஸ்டன்ஸ் ஏரியின் இன்றைய நெருக்கடி வேறு வகை. 2012 வாக்கில் முள்முதுகு மீன்கள் திறந்த நீரில் திடீரெனப் பெருகின; 2016-இல் குவாகா என்னும் அயல்நாட்டுச் சிப்பி அங்கே கண்டுபிடிக்கப்பட்டது; கொரகோனஸ் பிடிப்பு தொடர்ந்து வீழ்ந்தது. ஏரியைப் பகிரும் மூன்று நாடுகளும் சேர்ந்து 2024 ஜனவரியிலிருந்து மூன்றாண்டுகளுக்கு இந்த மீன்களைப் பிடிக்கத் தடை விதித்தன. தலைமுறைகளாக இதையே நம்பியிருந்த மீனவர்களுக்கு இது பெரும் அடி. குஞ்சு வளர்த்துவிடுவதைக் கூட்ட வேண்டும் என்ற குரல் இத்தகைய நேரத்தில் எழுவது இயல்பு. அப்படிக் கூட்டும்போது ப்ளாவ்ஃபெல்ஷன் எது, காங்ஃபிஷ் எது, எந்த ஆழத்தில், எந்த வாரத்தில் பிடிபட்டது என்று பார்த்து, தாய்மீன்களைத் தனித்தனித் தொட்டிகளில் வைத்துப் பொரிக்கவைப்பது கூடுதல் ஆளும் கூடுதல் செலவும் கேட்கும் வேலை. அந்தச் செலவை மீனவர் சங்கங்களின் தலையில் ஏற்றாமல் மூன்று அரசுகளும் ஏற்க வேண்டும் என்பதே என் கருத்து.